பத்துக்கும் ஓகே

என் அக்கா சசிரேகா படிக்காதவள் இல்லை. டிப்ளமோ முடித்தவள். ஒரகடத்தில் காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் முப்பது பெண்களுக்கு லைன் லீடர். அவளை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "படிச்சவதானே, படிச்சுப் பாத்துக் கையெழுத்து போடமாட்டாளா?" என்பதுதான். அப்படிக் கேட்கிற ஒருவரும் தன் சொந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படித்திருக்க மாட்டார். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் காகிதத்தைப் படித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவன் "அட போட்டுட்டு நகரும்மா, பஸ்ஸு போயிடும்" என்பான். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

போன ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு பெண் கூப்பன் கொடுத்தாள். பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆனவரா, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்களா. குலுக்கல் பெட்டிக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான்காவது நாள் போன் வந்தது.

"மேடம், ஆயிரத்து இருநூறு கூப்பன்ல உங்க பேர்தான் விழுந்திருக்கு. ஊட்டியில மூணு நாள், ரெண்டு ராத்திரி, இலவசம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து வந்து வாங்கிக்கணும். ஆதாரும் கிரெடிட் கார்டும் எடுத்துட்டு வாங்க, அடையாளத்துக்கு."

அடையாளத்துக்குக் கிரெடிட் கார்டு! இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"இன்னா பெருசா கேட்டுடப் போறான்?" என்றார் ராஜசேகர் மாமா. அக்காவின் கணவர் அவர்; இருங்காட்டுக்கோட்டையில் வேலை. "ஓசில சோறு போடுவான். துன்னுட்டு, சீட்ட வாங்கிக்கினு வந்துடலாம்."

அவர்களுடைய மகள் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் மேல்மாடி ஹால். 'பனிக்கூடு ஹாலிடே கிளப்' என்று பேனர். இருபது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணவன், ஒரு மனைவி, எதிரே டை கட்டிய ஒருவன். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஏதாவது ஒரு மேசையில் கையெழுத்து விழுந்தால் ஒருத்தி மணி அடிப்பாள், எல்லோரும் கை தட்டுவார்கள். கை தட்டாத மேசையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள். நாலு மணி நேரம் ஆனது. மாமா எதிர்பார்த்த சோறு வரவே இல்லை. இரண்டு சமோசாவும் ஒரு காகிதக் கப்பில் டீயும் வந்தன.

அக்கா மேசைக்கு வந்தவன் பெயர் ஸ்ரீதர். பேச்சுக்குப் பேச்சு "சிஸ்டர்" போட்டான். நான் பின்னால் பாயில் பாப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"சிஸ்டர், உங்களுக்கு லீவு எப்பெப்ப கிடைக்கும்?"

"டிசம்பர் கடைசி வாரம் ஷட்டவுன் சார், கம்பெனியே மூடிடுவாங்க. மே மாசம் நாலு நாள். அப்புறம் பொங்கல். அவ்ளோதான். மத்த நாள்ல லீவு போட்டா இன்சென்டிவ் போயிடும்."

"சூப்பர் சிஸ்டர். டிசம்பர்ல ஊட்டி, மே மாசம் கொடைக்கானல். பத்து வருஷத்துக்கு. உங்க ரூம் உங்களுக்காக வெயிட் பண்ணிக்கிட்டிருக்கும்."

ஒரு வெள்ளைத் தாளில் அதைப் பெரிதாக எழுதி, சுற்றி வட்டமும் போட்டான். அந்தத் தாளை அவனே மடித்து வைத்துக்கொண்டான். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கார்டில் தேய்த்து, தவணையாக மாற்றினார்கள். மணி அடித்தது. கை தட்டினார்கள். பாப்பாவும் தட்டினாள்.

அதோடு விடவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், எதிரே போனில் வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி வைத்து, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சிஸ்டர்" என்று ஸ்ரீதர் ஒரு அட்டையைப் பார்த்து ஆங்கிலத்தில் படபடவென்று பத்து பாயின்ட் படித்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் அக்காவும் மாமாவும் "ஓகே சார்" என்றார்கள். உரக்க, ஒரே குரலில்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அக்கா கம்பெனியில் தினம் காலையில் லைன் ஓடுவதற்கு முன்பு மீட்டிங் உண்டு. பாதுகாப்புக்குப் பத்து பாயின்ட். லைன் லீடர் படிக்க வேண்டும், முப்பது பேரும் ஒவ்வொன்றுக்கும் "ஓகே!" என்று கத்த வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் அன்றைய டார்கெட்டில் அது குறையும். யாரும் காதில் வாங்குவதில்லை. குரல் நின்றதும் வாய் தானாகத் திறக்கும். அக்காவை லீடர் ஆக்கியபோது வீட்டில் சுவரைப் பார்த்து நின்று படித்துப் பழகினாள். நானும் பாப்பாவும்தான் அவளுக்கு லைன். ஒரே வாரத்தில் பாப்பா, மூக்கைத் துடைத்துவிட்டாலும் "ஓகே!" என்று கத்த ஆரம்பித்தாள். மாமா கம்பெனியிலும் இதே கதைதான். பாயின்ட் பன்னிரண்டு, அவ்வளவே வித்தியாசம்.

ஸ்ரீதருக்கு இது தெரியும். இந்தப் பக்கம் வந்து கடை விரித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

கிளம்பும்போது ஒரு படிவம் நீட்டினான். "தெரிஞ்ச ஜோடிங்க பேர் குடுங்க சிஸ்டர். ஒவ்வொரு ஜோடிக்கும் உங்களுக்கு ஒரு ராத்திரி கூடுதல்." அக்கா முதலில் எழுதிய பெயர் பேச்சி.

பேச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்கா லைனில் வேலை. கம்பெனி பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்து சீட். அவளும் அவள் கணவன் நம்பிராஜனும் இருங்காட்டுக்கோட்டையில் எட்டு ரூமுக்கு ஒரு பாத்ரூம் உள்ள வாடகை வீட்டில் இருந்தார்கள். போன ஜூனில், ஒயர் முனையில் பின்னை வைத்து அழுத்தும் மெஷினில் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலின் முதல் கணு போய்விட்டது. கம்பெனி "மனிதாபிமான அடிப்படையில்" அறுபதாயிரம் கொடுத்தது. அவள் கையில் பணம் இருந்தது என்றால் அந்தப் பணம்தான்.

அடுத்த ஞாயிறு அவர்களும் போனார்கள். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேச்சி சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது.

"எக்கா, பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்குமாம்லா! வாளிய வச்சிக்கிட்டு வரிசைல நிக்க வேண்டாம். நா மலையெல்லாம் பாக்க மாட்டேன். மூணு நாளும் குளிச்சிக்கிட்டேதான் இருப்பேன், பாத்துக்கோ."

"அப்ப நம்பிராஜன் அண்ணன்?" என்று கேட்டேன்.

"அவரு வெளிய வரிசைல நிக்கட்டும். பழகுன ஆளுதான்."

விரல் பணம் அறுபதாயிரத்தையும் முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். மீதி நம்பிராஜன் கார்டில்.

நவம்பரில் அக்கா டிசம்பர் ஷட்டவுனுக்கு ரூம் கேட்டு போன் செய்தாள். "மேடம், நீங்க ஒயிட் சீசன் மெம்பர். டிசம்பர்ல புக் பண்ண முடியாது" என்றது ஒரு குரல். பொங்கல்? முடியாது. மே? முடியாது. பிறகு எப்போது? ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், சனி ஞாயிறு இல்லாத நாட்கள்.

அவர்கள் கொடுத்த புத்தகத்தை அன்றுதான் பிரித்தேன். முப்பத்திரண்டு பக்கம், ஆங்கிலம், எறும்பு எழுத்து. பிளஸ் ஒன்னோடு நின்றவள் நான். போனில் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனேன். பத்தொன்பதாம் பக்கத்தில் தேதிகள் இருந்தன. அக்கா கம்பெனி காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி விடுமுறை விடுகிற ஒவ்வொரு நாளும் கிளப் மூடியிருந்தது. கிளப் திறந்திருக்கிற ஒவ்வொரு நாளும் அக்கா லைனில் நின்றாக வேண்டும். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த ரூமில் அவளால் படுக்க முடியாது. லீவு எப்போது என்று வாய்விட்டுக் கேட்டு, எழுதி, வட்டம் போட்டுவிட்டு, அந்த நாட்களைத் தவிர மற்ற நாட்களை விற்றிருக்கிறான். போகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் பராமரிப்புக் கட்டணம் வேறு. தூங்காத கட்டிலுக்கு வாடகை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கள் போனை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு மாற்றினாள். அந்தப் பெண் காத்திருக்கச் சொல்லும் பாட்டுக்கு மாற்றினாள். ஸ்ரீதர் இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்றார்கள். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே அந்த வீடியோ. "ஆறாவது பாயின்ட், சீசன் கட்டுப்பாடு." ஓகே சார். "எட்டாவது பாயின்ட், பணம் திருப்பித் தரப்படாது." ஓகே சார். எட்டாவதுக்கு அக்கா கட்டை விரலை வேறு உயர்த்தியிருந்தாள்.

பேச்சிக்கும் அவளுடைய வீடியோ போயிற்று. அவள் பஸ்ஸில் முகத்துக்கு நேராகக் கேட்டாளாம்: "நம்பர் குடுத்தது நீதானக்கா? எங்க விரல் காசு எங்க?"

நான் போனிலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டு புகார்கள், அக்காவுக்கு ஒன்று, பேச்சிக்கு ஒன்று. வக்கீல் வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. பேச்சியின் புகாரில் சாட்சி என்ற இடத்தில் அக்கா பெயரை எழுதினேன். டிசம்பரில் ரூம் தருவதாகச் சொன்னதைக் கேட்டு, அதே பத்துக்கும் ஓகே சொல்லிச் சேர்ந்தவள் அவள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளப்பின் வக்கீல் மாமாவைக் கூப்பிட்டார். அக்காவின் பணம் முழுதும் பதினைந்து நாளில் வந்துவிடும். புகாரை வாபஸ் வாங்கி, "எல்லாம் தெளிவாக விளக்கப்பட்டது, புரிந்துகொண்டுதான் சேர்ந்தோம்" என்று ஒரு தாளில் கையெழுத்து போட்டால் போதும். அந்தத் தாளை வைத்துப் பேச்சியின் புகாரை முடித்துவிடுவார்கள். இது எனக்கே புரிந்தது. அக்காவுக்கும் மாமாவுக்கும் புரியாதா?

"போட்டுடு சசி," என்றார் மாமா. "நம்ம காசு வந்தா போதும். அவ அவ கேஸ அவ பாத்துப்பா."

"நான் இழுத்து வுட்டவ அவ."

"நீ இன்னா கைய புடிச்சி இழுத்தியா? நம்பர்தானே குடுத்த. ஊர்ல எவன் எவனோ நம்பர் குடுக்குறான்."

"அவ புகாரு நிக்கணும்னா, அந்த ஓகேக்கு அர்த்தமே இல்லன்னு நான் போய்ச் சொல்லணும். எங்க கம்பெனில தெனம் சும்மா கத்துறோம்னு சொல்லணும்."

"சொன்னா?" மாமா எழுந்துவிட்டார். "நாளைக்கே லீடர் வேலைய புடுங்கிடுவான். அப்பால வேலையே கீதோ இல்லியோ. உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கீது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அக்கா சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்.

"ரஞ்சனி, பேச்சிக்கு அடிபட்ட அன்னிக்கு சாயங்காலம் சூப்பர்வைசர் புருஷோத்தமன் என்னைக் கூப்ட்டார். நாலாவது பாயின்ட், கை வைக்கிறதுக்கு முன்னாடி மெஷின நிறுத்தணும். காலைல அதுக்கு பேச்சி ஓகே சொன்னாளான்னு கேட்டார். சொன்னா சார்னேன். அத எழுதி கையெழுத்து போடுன்னார். போட்டேன். அவ கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. அதனாலதான் நஷ்ட ஈடு இல்லாம அறுபதாயிரம் பிச்ச போட்டாங்க."

நான் கேட்டேன், "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவ நம்பர குடுத்த?"

"அவ கைல காசு கீதுன்னு தெரியும். எங்கனா போய் நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். எனக்கு ஒரு ராத்திரி கூட கெடைக்குமேன்னும் நெனச்சேன்." அவள் திரும்பவே இல்லை. "ரெண்டும்தான்."

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. ஸ்ரீதர் மேல் இருந்த கோபத்தைவிட அந்த மூன்று நாள் கோபம் பெரிது. அவன் முகம் தெரியாதவர்களைச் சுரண்டினான். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே செய்தாள்.

விசாரணை நாளில் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறினோம். மாமா வரவில்லை. தாளில் கையெழுத்து போடப் போகிறாளா இல்லையா என்று அக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆணையத்துக்குப் பேச்சியும் நம்பிராஜனும் தனியாக வந்திருந்தார்கள். பேச்சி எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளப்பின் வக்கீல் வாசலிலேயே தாளோடு வந்தார். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று பென்சிலில் குறி வைத்திருந்தார். அக்கா தாளைக் கையில் வாங்கவே இல்லை. "உள்ளே பேசிக்கிறேன் சார்," என்றாள்.

உள்ளே வீடியோவைப் போட்டார்கள். பத்து ஓகேயும் அந்தச் சின்ன அறையில் கேட்டது. தலைவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"உங்களை யாரும் மிரட்டின மாதிரி தெரியலையே. நல்லா சத்தமாத்தானே சொல்றீங்க?"

அக்கா சொன்னாள். காலை மீட்டிங்கை, பத்து பாயின்டை, மூன்று நிமிடத்தை, டார்கெட்டை. யாரும் காதில் வாங்காமலே கத்துகிறோம் என்பதை. தானே படித்து, தானே கத்த வைப்பவள் என்பதை. "எங்கள மாதிரி ஆளுங்க கிட்ட பத்து பாயின்ட் படிச்சா பத்துக்கும் ஓகே வரும் மேடம். பதினொன்னாவதா உன் வூட்ட எழுதிக்குடுன்னு படிச்சிருந்தா அதுக்கும் வந்திருக்கும்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். வக்கீலுக்குச் சுருக்கென்றது.

"அப்போ உங்க கம்பெனியில ஒருத்தருக்கு அடிபட்டா, காலையில அவங்க சொன்ன ஓகேவும் பொய்னு சொல்வீங்களா?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா வாயை அடைப்பதற்காகக் கேட்டார். ஆனால் அக்கா திரும்பி பேச்சியைப் பார்த்தாள்.

"அடிபட்டுது சார். அதோ உக்காந்திருக்காளே, அவளுக்குத்தான். அவ ஓகே சொன்னான்னு நான்தான் எழுதிக் கையெழுத்து போட்டேன். அந்த ஓகேவும் பொய்தான்."

நம்பிராஜன் எழுந்து நின்றார். பேச்சி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் அழவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. இருவர் பணத்தையும் வட்டியோடு கிளப் திருப்பித் தர வேண்டும். கிளப் மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்கிறது. இதை எழுதும் இன்று வரை ஒரு ரூபாய் வரவில்லை. அக்காவை லீடர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் எழுதித் தரவில்லை. இப்போது வேறொருத்தி படிக்கிறாள், அக்கா வாயைத் திறக்காமல் நிற்கிறாள். மாமா அவளோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார்.

போன ஞாயிறு பேச்சி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அன்னைக்கு அங்க சொன்னத எழுதிக் குடு," என்றாள் அக்காவிடம். எப்போதும் வரும் 'எக்கா' வரவில்லை. "தொழிலாளர் ஆபீசுல குடுக்கப் போறேன். அறுபதாயிரத்துக்கு எம் விரல வித்துட்டேன்னு கம்பெனிக்காரன் நெனச்சிட்டு இருக்கான்."

அக்கா எழுதினாள். ஒரு பக்கம் ஆனது. பேச்சி வாங்கி நின்றபடியே படித்தாள். குட்டையான அந்த விரல் ஒவ்வொரு வரியின் அடியிலும் நகர்ந்து போயிற்று. ஒரு இடத்தில் நின்றது.

"மெஷினுக்கு மேல மூடி இருக்கும்லா. கை உள்ள போகாம தடுக்க. ரெண்டு நாளா அது இல்ல. அத எழுதலயே."

அக்கா தாளை வாங்கி எழுதினாள்.

"கழட்டுனது யாருன்னு?"

"மூடி இருந்தா டார்கெட் போவலன்னு புருஷோத்தமன் கழட்டச் சொன்னார்."

"சொன்னது அவரு. கழட்டுனது?"

தெருவில் மாற்று ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான்தான்."

"எழுது."

எழுதினாள். கீழே கையெழுத்து போட்டு, தேதி போட்டாள். பேச்சி முதல் வரியிலிருந்து மறுபடி ஒரு முறை முழுதும் படித்தாள். அவசரப்படவில்லை. பிறகு தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"கிளப்பு காசு வந்தா எங்க காச வாங்கிக்கிடுதேன்," என்றாள் வாசலில் நின்று. "நாளைக்கு பஸ்ல எம்பக்கத்துல உக்காராத."